சுழியோடியின் கத்தி

சுழியோடியின் கத்தி என்றதும் சுறாவோடு பொருதும் வீரனே பலரின் மனக்கண்முன் தோன்றுவான். திரைப்படங்கள் செய்த வேலை அது. திருகோணமலைக் கடலிற் சுழியோடும் எனக்குச் சுறாவிடம் அச்சமில்லை. கைவிடப்பட்ட வலையிடமே அச்சம். பாறையிற் சிக்கி ஆடும் தங்கூசி நீரினுள் எளிதிற் புலப்படாது. முதுகிலுள்ள காற்றுருளையின் கழுத்தில் அது மாட்டிவிட்டால், எஞ்சிய காற்றின் அளவே ஆயுளின் அளவு.

ஆதலின், கத்தி தேர்வோர் அதனை ஆயுதமென எண்ணலாகாது. அது ஒரு கருவி. கூர்நுனி வேண்டாம், பதற்றத்தில் அது நம் உடலையே கிழிக்கும். மழுங்கிய நுனியே நன்று. தடித்த கயிற்றை அறுக்கப் பனைமட்டைக் கருக்கைப் போன்ற பல்விளிம்பும், தங்கூசியைக் கொளுவி இழுத்தறுக்கச் சிறியதொரு கொக்கிவாயும் வேண்டும்.

அடுத்தது உலோகம். வன்மை மிக்க உருக்குக் கூர்மையைத் தாங்கும். ஆனால் உப்புநீரில் விரைவிற் துருவேறும். துருவை எதிர்க்கும் உருக்கோ விரைவில் மழுங்கும். தைத்தேனியம் துருப்பிடியாது, விலைதான் அதிகம். எதை வாங்கினும், கரையேறியதும் நன்னீரிற் கழுவி உலர்த்துதல் கடமை.

அணியும் இடமும் முக்கியம். காலின் வெளிப்புறத்திற் கட்டினால் கத்தியே வலையிற் கொளுவும். உடல் சிக்குண்டபோது கை அவ்விடத்தை எட்டவும் மாட்டாது. நெஞ்சுப் பட்டியே தக்க இடம்.

வாங்குமுன் அதனைப் பட்டியில் மாட்டி, கண்களை மூடி, முதலில் வலக்கையாலும் பின்னர் இடக்கையாலும் உருவிப் பாருங்கள். இரு கைக்கும் இசையாத கத்தி, எத்துணை அழகாயினும், உங்களுக்குரியதன்று.