ஸஃப்பில் காணாதவர்





நபி யஃகூப் (அலை) அவர்களின் வீடு ஆளற்ற வீடன்று. பன்னிரண்டு ஆண்மக்களைப் பெற்றவர் அவர். யூஸுப் (அலை) அவர்களைப் பிரிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும், எஞ்சிய மக்கள் அவரைச் சூழவே வாழ்ந்தனர். ஆயினும் அந்தப் பிரிவுத் துயரை உள்ளத்திலேயே அடக்கி வைத்திருந்ததனால் அவருடைய கண்கள் வெளுத்துப் பார்வையிழந்தன என்று அல்குர்ஆன் ஸூரா யூஸுபிலே எடுத்துரைக்கின்றது. அடுத்த வசனத்திலே அம்மக்கள் தம் தந்தைக்குக் கூறுவதைக் கவனியுங்கள். இப்படி யூஸுபையே நினைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் நலிந்து அழிந்துபோவீர்கள் என்று அவர்கள் சலித்துக்கொள்கின்றனர். மகனின் சட்டை முகத்தில் இடப்பட்டபோதே அவருக்குப் பார்வை மீண்டது.

மனிதர் நிறைந்த வீட்டிலும் ஒருவர் தனித்துப்போகலாம் என்பதும், உள்ளத்தின் அத்தனிமை உடலையும் தாக்கவல்லது என்பதும் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளன. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதும் இதுவே.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தனித்திருத்தல் வேறு, தனிமையுணர்வு வேறு. நபி (ஸல்) அவர்கள் ஹிராக் குகையிலே பல இரவுகள் தனித்திருந்தார்கள். அது அவர்கள் விரும்பித் தேடிக்கொண்ட தனிமை. இறங்கி வந்தால் கதீஜா (ரழி) அவர்களின் இல்லம் காத்திருந்தது. பின்னர், நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டிலே அந்தக் கதீஜா (ரழி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்தபோது, அவ்வாண்டுக்கே துயர ஆண்டு என்ற பெயர் நிலைத்துவிட்டது. இறைத்தூதரின் வாழ்விலேயே துயர ஆண்டு ஒன்று இருந்திருக்க, மனம் சோர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து ‘உமக்கு ஈமான் குறைந்துவிட்டது’ என்று நம்மில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது அறியாமை மாத்திரமன்று, கொடுமையுமாகும்.

மருத்துவ உலகம் இதனைப் பற்றி என்ன கூறுகின்றது? 2010ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆய்வாளர் ஜூலியன் ஹோல்ட் லன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தனர். அவற்றில் அடங்கியோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அவை நலிந்தவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று கண்டனர். புகைத்தலை விடுவதால் கிடைக்கும் நன்மைக்கு இது ஒப்பானது என்பது அவர்களின் கணிப்பு. 2016இல் வெளியான மற்றுமொரு தொகுப்பாய்வு, சமூகத் தொடர்பு குன்றியோருக்கு இருதய நோய் ஏற்படும் அபாயம் 29 சதவீதமும் பாரிசவாதம் ஏற்படும் அபாயம் 32 சதவீதமும் கூடுதல் என்று கண்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆணைக்குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையுணர்வால் வாடுகின்றார் என்றும், ஆண்டுதோறும் எட்டு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கும் அதிகமான மரணங்களோடு அதற்குத் தொடர்புண்டு என்றும் மதிப்பிட்டுள்ளது.

இலக்கங்களை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். உள்ளத்து நிலை உடலுக்குள் எவ்வழியாக இறங்குகின்றது என்பதே நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது.

பசி என்பது உணவு தேவை என்று உடல் கொடுக்கும் அறிவிப்பு. அதுபோலத் தனிமையுணர்வும், மனித உறவு தேவை என்று உடல் கொடுக்கும் அறிவிப்பே என்பது சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஜோன் கசியொப்போ என்ற உளவியலாளர் நெடுங்காலம் விளக்கிவந்த கருத்தாகும். தன்னைக் காப்பார் அருகில் இல்லை என்று உணரும் உடல், ஆபத்தை எதிர்பார்த்திருப்பதைப் போல விழித்தே இருக்கின்றது. கோர்டிசோல் முதலான நெருக்கீட்டுச் சுரப்புகள் மிகுகின்றன. குருதி அழுத்தம் உயர்கின்றது. தூக்கம் துண்டு துண்டாகின்றது. சில நாட்களுக்கு இது பாதகமில்லை. வருடக்கணக்கில் நீடித்தால் குருதிக் குழாய்களும் நோயெதிர்ப்பு ஆற்றலும் சேதமடைகின்றன. 1997இல் ஷெல்டன் கோஹன் என்பவர் 276 சுகதேகிகளின் மூக்கிலே தடிமன் கிருமியைத் துளியாக விட்டுக் கண்காணித்தார். குடும்பம், அயல், தொழில், வணக்கஸ்தலம் எனப் பலவகைத் தொடர்புகள் உடையோரைவிட, தொடர்பு வகைகள் குறைந்தோரே தடிமனுக்கு அதிகம் ஆளாயினர். நபி (ஸல்) அவர்கள் முஃமின்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு, ஓர் உறுப்பு நோவுற்றால் முழு உடலும் தூக்கமின்மையாலும் காய்ச்சலாலும் துன்புறும் எனக் கூறியதை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க முடியவில்லை.

‘இவை மேல்நாட்டாரின் பிரச்சினைகள், நமக்கென்ன?’ என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்த காத்தான்குடியில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 40,000 பேர் வாழ்ந்தனர். ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் பள்ளிவாசல் தோறும் ஐவேளை பாங்கொலி கேட்கின்றது. இத்தகைய ஊர்களில் தனிமைக்கு இடமேது என்றே நானும் முன்னர் எண்ணியிருந்தேன். நெருக்கமாகக் குடியிருப்பதனால் மட்டும் நெருக்கம் உண்டாகிவிடுவதில்லை என்பதை ஒரு முதியவரே எனக்கு உணர்த்தினார்.

நமது கிழக்கு மாகாண வழக்கத்திலே வீடு பெண்மக்களுக்கே உரியது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகின்றார். மகள்மார் வளர்ந்ததும் வீடு சீதனமாக அவர்களுக்கு எழுதப்படுகின்றது. உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் ஒரு பக்கத்திலுள்ள சிறிய அறைக்கு ஒதுங்கிக்கொள்கின்றனர். இதனால் முதுமையில் உம்மா மகளை விட்டு அகல்வதில்லை. இவ்வழக்கத்தின் பெரிய நன்மை அது. ஆனால் உம்மா முந்தி மௌத்தாகிவிட்டால் வாப்பாவின் நிலை என்ன? நாற்பது வருடங்களுக்கு முன்னர் மாப்பிள்ளையாக வந்தவர், இப்போது மகளின் வீட்டில், மருமகனின் சம்பாத்தியத்தில் இருக்கின்றார். சோறு வேளைக்கு வருகின்றது. கிளினிக்குக்கு முச்சக்கரவண்டியும் வருகின்றது. நான் குறிப்பிட்ட அம்முதியவர் சொன்னார்: ‘தம்பி, எனக்கு ஒரு குறையுமில்லை. சாப்பிட்டாச்சா, மருந்து குடிச்சாச்சா என்று கேட்பார்கள். வேறொன்றும் கேட்பதில்லை.’ மகளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நான்கு பிள்ளைகளோடு அவர் படும் பாட்டையும் நான் அறிவேன்.

விதவைகளின் தனிமை வேறொரு வகை. இத்தாவின் நான்கு மாதமும் பத்து நாட்களும் பெண்கள் வந்துபோகின்றனர், ஆறுதல் கூறுகின்றனர். இத்தா முடிந்ததும் துக்கமும் முடிந்துவிட்டதாக ஊர் எடுத்துக்கொள்கின்றது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகை வேளையிலே காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டனர். அடுத்த வாரமே ஏறாவூரில் அதுபோன்ற பேரிழப்பு. அன்று இருபத்தைந்து வயதில் கணவனை இழந்த பெண்மணி இன்று அறுபதைத் தொட்டுவிட்டார். ஆண்டுதோறும் ஷுஹதாக்களை நினைவுகூருகின்றோம். அவர்கள் விட்டுச்சென்ற பெண்களில் எத்தனை பேர் இன்று எவருடன் பேசி நாளைக் கழிக்கின்றனர் என்று விசாரித்தோமா? வளைகுடா நாடுகளிலே கணவர் உழைக்க, இங்கே பிள்ளைகளோடு இருக்கும் இளம் மனைவியரும் உளர். கைத்தொலைபேசியில் தினமும் முகம் தெரிகின்றது என்பது உண்மைதான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகத் தொலைபேசி உதவுவதில்லை.

துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாமற்போவது எத்துணைப் பாரம் என்பதை இந்நாட்டு முஸ்லிம்கள் அண்மையிலே அனுபவித்தனர். கொரோனா தொற்றினால் இறந்தோரை 2020இலிருந்து கட்டாயமாகத் தகனம் செய்தார்கள். 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் நமது ஓட்டமாவடி மஜ்மா நகரிலே ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. நாடெங்கிலுமிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. உறவினரில் மிகச் சிலரே அருகில் நிற்க அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஆனால், வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத மகனின் நெஞ்சில் உள்ளதை அவரிடம் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கின்றது. ஜனாஸாவில் கலந்துகொள்வது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டதன் அருமை அக்காலத்திலேதான் நமக்குப் புரிந்தது.

நடைமுறைக்கு வருவோம். முதியோரின் தனிமைக்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்றுண்டு. நாம் அதனைக் காண்பதில்லை. அது செவி மந்தம். காது கேளாதவர் சிலமுறை ‘என்ன, என்ன’ என்று கேட்பார். பிள்ளைகள் சலித்துக்கொண்டால் பின்னர் கேட்பதையே விட்டுவிடுவார். கண்புரையும் இவ்வாறே ஒருவரை மூலைக்குத் தள்ளிவிடும். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, முதுமை மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் தவிர்க்கக்கூடிய 14 காரணிகளை வரிசைப்படுத்தியது. செவிப்புலன் குறைவும், பார்வைக் குறைவும், சமூகத்திலிருந்து ஒதுங்கியிருத்தலும் மூன்றுமே அவற்றுள் உள்ளன. வாப்பா பேச்சைக் குறைத்துவிட்டார் என்றால், முதுமை என்று விட்டுவிடாமல் காதையும் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லாமற்போய், எதிலும் நாட்டமற்று, உயிர் வாழ்வதில் வெறுப்பும் தோன்றுமாயின், அது தனிமையுணர்வைக் கடந்து மனச்சோர்வு என்னும் நோயாகிவிட்டது. ஓதிப் பார்ப்பதோடு வைத்தியரையும் நாடவேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உள்ளது. 1926 என்பது தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமாகும்.

மதீனாப் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒரு கறுத்த பெண்மணியைப் பற்றி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்றது. அவரைச் சில நாட்களாகக் காணாத நபி (ஸல்) அவர்கள் தாமாகவே விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றனர் தோழர்கள். அதனை அறிவிக்கும் அளவுக்குப் பெரிதாக அவர்கள் எண்ணியிருக்கவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்ட அண்ணலார், அவருடைய கப்றைக் காட்டச் செய்து அங்கே தொழுதார்கள். ஓர் ஆட்சியின் தலைவர், துப்புரவு செய்யும் ஒருவரின் வரவின்மையைக் கவனித்தார் என்பதே எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுகின்றது.

நமது மஹல்லாக்களில் சுப்ஹுத் தொழுகையின் ஸஃப்பில் வழமையாக நிற்பவர் மூன்று நாள் வராவிட்டால், மோதினாரோ பக்கத்தில் நிற்பவரோ அவர் வீட்டு வாசலுக்குச் சென்று ஸலாம் சொல்லலாம். இதற்கு நிதியும் தேவையில்லை, நிருவாக சபைத் தீர்மானமும் தேவையில்லை. ஆனால் ஸஃப்பிலே எண்ணப்படாத பெண்களை என் செய்வது? ரமழானில் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் கஞ்சி பகிரும்போது, எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கின்றனர் என்பதைப் பகிர்பவர்கள் நன்கு அறிவர். அனுப்பப் பிள்ளை இல்லாத வீடுகளும் அவர்களுக்குத் தெரியும். அவ்வீடுகளின் பட்டியலை ஷவ்வாலிலும் கையில் வைத்துக்கொண்டு, குர்ஆன் மத்ரஸாவின் முஅல்லிமாக்களும் அயல் வீட்டு ராத்தாமாரும் இருவர் இருவராகச் சென்று, பாயில் அமர்ந்து, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பேசிவிட்டு வரலாம்.