ஆற்று மணலும் வீட்டுக் குடிநீரும்

கொழும்பின் வடகோடியில் களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை நாம் முகத்துவாரம் என்று அழைக்கிறோம். ஆறு கடலுக்குச் செல்லும் வாயில் அது. வாயில் என்றால் அதற்கு ஒரு படியும் வேண்டுமன்றோ? ஆற்றின் அடியிலே கிடக்கும் மணலே அந்தப் படி. அதைப் பெயர்த்தெடுத்தால் உள்ளே நுழைவது யார் என்பதை நாம் சற்றுச் சிந்திப்போம்.

மலைநாட்டிலே தோன்றி ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி, மழைக்காலந்தோறும் மணலைச் சுமந்து வருகிறது. வீடு கட்டுவோர் கண்ணுக்கு அது வீணே கிடக்கும் பொருளாகத் தோன்றுகிறது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர், அழிந்த வீடுகளை மீளக் கட்டவேண்டி வந்தபோது, நாடெங்கும் மணலின் தேவை மேலும் பெருகிற்று.

கடல்நீர் நன்னீரிலும் பாரம் கூடியது. ஆகவே கழிமுகத்தில் அது நன்னீரோடு உடனே கலந்துவிடாது, ஆப்புப் போல அடியிலே நுழைந்து மேல்நோக்கி நகர்கிறது. மழைக்காலத்து வெள்ளம் அதனைத் தள்ளிவிடும். கோடையில் ஆறு மெலியும்போது, உயர்ந்த மணற்றளமே அதற்குத் தடையாக நிற்கிறது. தளம் தாழத் தாழ, உப்பு நீர் உள்ளே செல்லும் தூரமும் கூடுகிறது.

முகத்துவாரத்திலிருந்து சுமார் 14 கிலோமீற்றர் தொலைவில், அம்பத்தளையில், கொழும்பு மக்களுக்கான குடிநீர் களனியிலிருந்து பெறப்படுகிறது. பல்லாண்டுக் காலம் மணல் அள்ளப்பட்டு ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தமையால், வறட்சி மிக்க நாட்களில் அங்கும் உப்பு எட்டிப் பார்த்தது. கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீரிலே அது 250ஐத் தாண்டினால் நாவுக்கு உப்புச் சுவை புலப்படத் தொடங்கும். அதாவது, ஒரு குடம் கடல்நீர் 70 குடம் நன்னீரைக் கெடுக்கப் போதும்! உப்பைத் தடுக்க அங்கே ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்க வேண்டியதாயிற்று. ஆற்றிலிருந்து லொறி லொறியாக மணலை ஏற்றிய நாம், மூட்டை கட்டி மணலை ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்தோம்.

அவ்வாறாயின் மணல் அகழ்வின் விளைவை முன்கூட்டியே மதிப்பிடுவது எங்ஙனம்? குடும்பக் கணக்கைப் போல முதலில் வரவையும் செலவையும் பார்த்தல் வேண்டும். ஆண்டொன்றில் ஆறு கொண்டுவரும் மணல் எவ்வளவு, அள்ளப்படுவது எவ்வளவு? வரவிலும் செலவு மிகுந்தால் முதலே கரைகிறது. அடுத்து, குறித்த இடங்களில் ஆற்றின் ஆழத்தை ஆண்டுதோறும் அளத்தல் வேண்டும். நீரின் உப்பை மேற்பரப்பில் மட்டுமன்றி அடியிலும், மாரியில் மட்டுமன்றிக் கோடையிலும், கடல் பெருகும் வேளையில் அளத்தல் வேண்டும். மாரிக்காலத்து மேல்நீரை மட்டும் சோதித்து, தீங்கில்லை என முடிவு கூறுதல், காய்ச்சல் தணிந்த வேளையில் நோயாளியைப் பார்த்து நோயே இல்லை என்பதை ஒக்கும்.

கழிமுகத்து மணலும் சேறும் நண்டு, மட்டி, புழு முதலியவற்றின் உறைவிடம். மீன் குஞ்சுகளும் இறால்களும் அங்கே வளர்கின்றன. தோண்டுவதால் எழும் கலங்கல் அவற்றை எவ்வாறு வருத்துகிறது என்பதையும் காணவேண்டும். கரையோரக் கிணறுகளும் பாலத்தின் அத்திவாரங்களும் இக்கணக்கில் அடங்கும். கடற்கரையும் அடங்கும், ஏனெனில் அலை அரித்துச் செல்லும் கரைக்கு ஆற்று மணலே ஈடு செய்கிறது. நீர்கொழும்புக்கு வடக்கே கடல்சேரும் மகா ஓயாவில் மணல் பெருவாரியாக அகழப்பட்டமை, அப்பகுதிக் கரையரிப்புக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பத்திரத்தையும் தனித்தனியே நோக்கினால் தீங்கு சிறிதாகவே தோன்றும். நூறு தோணிகள் சேர்ந்து செய்வதை ஒரு தோணியை அளந்து அறிய முடியாது. ஆறு முழுவதையும் ஒன்றாக எடுத்து மதிப்பிடுதலே முறை.

மணல் அள்ளிப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளரையோ, வீடு கட்ட விரும்பும் குடும்பத்தையோ நாம் குறைகூறவில்லை. கருங்கல்லை நொறுக்கிப் பெறும் மணலும், உப்பகலக் கழுவிய கடல் மணலும் இன்று கட்டடங்களுக்குப் பயன்படுகின்றன. ஆற்றின் வரவுக்குள் அடங்குமளவு எடுப்பதும் தவறன்று.

வீட்டுச் சுவரிலே பூசியிருக்கும் மணலும், சமையலறைக் குழாயில் வரும் நீரும் ஒரே ஆற்றின் கொடை. ஒன்றைப் பெறுவதற்காக மற்றதை இழக்காதிருக்க வேண்டுமாயின், அள்ளுவதற்கு முன்னே அளப்போமாக!