சம்பளம் கூட்டிக் கேட்டார், பெயர் கிடைத்தது! 'ஆயிரம் குரல்' மெல் பிளாங்க் கதை

கேரட்டைக் கடித்துக்கொண்டே நக்கலாகப் பேசுமே ஒரு முயல், பக்ஸ் பன்னி. எச்சில் தெறிக்கக் கத்துமே கறுப்பு வாத்து, டாபி டக். திக்கித் திக்கிப் பேசும் பன்றிக்குட்டி போர்க்கி. கூண்டுக்குள் இருக்கும் மஞ்சள் குருவி ட்வீட்டி. அதை எப்படியாவது தின்றுவிடத் துடிக்கும் பூனை சில்வெஸ்டர்.

இந்த கார்ட்டூன்களை நம்ம ஊர் டிவியிலும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் தயாரான அசல் படங்களில் இந்த ஐந்து ஜீவன்களுக்கும் பேசியவர் ஒரே ஆள் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். அவர் பெயர் மெல் பிளாங்க். ரேடியோ, சினிமா கார்ட்டூன், டிவி என்று அறுபது வருஷம் குரலை வைத்தே பிழைத்தவர். 'ஆயிரம் குரல் மனிதர்' என்று அமெரிக்காவே கொண்டாடியது. ஆனால் அந்தக் குரலுக்குத் தன் பெயரைப் போட வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வாத்தியார் விட்ட டோஸ்

மெல் பிளாங்க் பிறந்தது 1908 மே 30, சான் பிரான்சிஸ்கோவில். வளர்ந்தது ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லேண்ட் நகரத்தில். படிப்பு மண்டையில் ஏறவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் சத்தம் போட்டால் நல்லா எதிரொலிக்கும். அங்கே நின்று விதவிதமாகச் சிரித்துப் பார்ப்பதுதான் பையனுக்கு வேலை.

அவருடைய குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'வெற்று' என்று அர்த்தம் வரும். நீயும் உன் பெயர் மாதிரி வெறும் ஆளாகத்தான் போவாய் என்று ஒரு வாத்தியார் திட்டிவிட்டாராம். மனசில் தைத்துவிட்டது. பெயரின் கடைசி எழுத்தை 'கே'யிலிருந்து 'சி' ஆக்கிக்கொண்டார். உச்சரிப்பு மாறவில்லை. அர்த்தம் போய்விட்டது.

ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. வயலின் வாசித்தார், பெரிய குழல் வாத்தியமான டூபா ஊதினார், மேடையில் காமெடி செய்தார். 1927-ல் போர்ட்லேண்டில் கேஜிடபிள்யூ ரேடியோ நிலையத்தில் முதல் வாய்ப்பு. அப்போது வயது 19.

ஆள் போட காசில்லை

1933-ல் எஸ்டெல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அதே வருஷம் புருஷனும் பெண்டாட்டியுமாக போர்ட்லேண்டில் கேஇஎக்ஸ் ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார்கள். திங்கள் முதல் சனி வரை தினமும் ராத்திரி ஒரு மணி நேரம்.

அது அமெரிக்காவில் வேலையும் காசும் இல்லாத பஞ்ச காலம். கூடுதலாக நடிகர்களைப் போட ரேடியோ நிலையத்தார் காசு தரவில்லை. கதையில் போலீஸ் வந்தாலும் பிளாங்க்தான், திருடன் வந்தாலும் பிளாங்க்தான். வேறு வழியில்லாமல் குரல் மேல் குரலாகப் பழகிக்கொண்டார். சிக்கனத்துக்காகச் செய்ததுதான் பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது.

வாசலிலேயே ஒன்றரை வருஷம்

1935-ல் ஹாலிவுட்டுக்குக் குடியேறினார். வார்னர் கம்பெனிக்கு கார்ட்டூன் எடுத்துக் கொடுத்த ஸ்டூடியோவில் வாய்ப்புக் கேட்டுப் போனார். வேண்டிய அளவுக்குக் குரல்கள் இருக்கு, போய்ட்டு வா என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். இவரும் விடவில்லை. திரும்பத் திரும்பப் போய் நின்றார். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

1936 கடைசியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தார். பேசிக் காட்டச் சொன்னார். கிடைத்த முதல் வேஷம் என்ன தெரியுமா? குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காளை மாடு! அசத்திவிட்டார் மனுஷன்.

அடுத்து வந்தது போர்க்கி பன்றி. அதுவரை அதற்குப் பேசிய ஜோ டோஹர்ட்டி என்பவருக்கு நிஜமாகவே திக்குவாய். எங்கே திக்கும், எவ்வளவு நேரம் திக்கும் என்று அவர் கையில் இல்லை. பிலிம் வீணாகிக்கொண்டே இருந்தது. 1937-ல் அந்த வேலை பிளாங்க்கிடம் வந்தது. திக்குவதையும் தாளம் தப்பாமல் திக்கினார். அதே படத்தில்தான் டாபி வாத்தும் அறிமுகம்.

குரல் எப்படிப் பிறக்கிறது?

நம்ம ஊரில் டப்பிங் என்றால் படம் முதலில் ஓடும். உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே கார்ட்டூனுக்குப் பெரும்பாலும் நேர் எதிர். முதலில் குரலைப் பதிவு செய்வார்கள். அந்தக் குரலுக்கு ஏற்ற மாதிரி வாயையும் முகத்தையும் வரைவார்கள். அதாவது முயலின் திமிர் முதலில் பிளாங்க்கின் தொண்டையில் பிறந்து, பிறகுதான் காகிதத்துக்குப் போனது.

1940-ல் பக்ஸ் பன்னி வந்தது. எதற்கும் அசராத, வாய்த்துடுக்கான முயல். நியூயார்க் நகரத்தில் புரூக்ளின், பிராங்க்ஸ் என்று இரண்டு பேட்டைகள். அந்த ஆட்களின் பேச்சுக்கு அமெரிக்காவில் தனி மரியாதை. நம்ம வடசென்னைப் பேச்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேட்டைப் பேச்சையும் கலந்து முயலுக்குக் கொடுத்தார்.

கேரட் கடிக்கும் சத்தத்துக்கு வேறு காய்களைக் கடித்துப் பார்த்தார்களாம். எதுவும் சரிப்படவில்லை. கேரட்டையே கடித்து, உடனே துப்பிவிட்டு, வசனத்தைப் பேசினார். அவருக்குக் கேரட் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கதை உலகம் பூரா சுற்றுகிறது. அது கட்டுக்கதை.

இன்னொரு ரகசியமும் உண்டு. சில்வெஸ்டர் பூனையும் டாபி வாத்தும் கிட்டத்தட்ட ஒரே குரல்தான். வாத்துக்குப் பேசியதை மட்டும் வேகத்தைக் கூட்டி ஓட விட்டார்கள். போர்க்கி, ட்வீட்டிக்கும் இதே வித்தைதான். மற்றதெல்லாம் தொண்டைதான்.

ஆறு மாசம் உறுமல்

கார்ட்டூன் ஒரு பக்கம் இருக்க, ரேடியோவையும் விடவில்லை. 1939-ல் ஜாக் பென்னி என்ற பெரிய காமெடி நடிகரின் நிகழ்ச்சியில் சேர்ந்தார். கஞ்சப் பிரபுவாக வரும் பென்னியின் பணப் பெட்டிக்குக் காவல் ஒரு பனிக்கரடி. அந்தக் கரடிக்கு உறுமுவதுதான் பிளாங்க்குக்கு வேலை.

ஆறு மாசம் உறுமிப் பார்த்தவர், எனக்குப் பேசவும் வரும் சார் என்று பென்னியிடமே கேட்டுவிட்டார். பென்னி விழுந்து விழுந்து சிரித்தாராம். அதன் பிறகு வாரா வாரம் வசனம் வந்தது. ரயில் நிலைய அறிவிப்பாளர், கிளி, வயலின் வாத்தியார் என்று வேஷங்கள் குவிந்தன. பென்னியின் ஓட்டை உடைசல் காருக்கு இன்ஜின் சத்தம் கூட இவர் வாய்தான். நிகழ்ச்சி டிவிக்குப் போனபோது இவரும் கூடவே போனார்.

பெயருக்கு ஒரு போராட்டம்

இத்தனை குரல் கொடுத்தும் கார்ட்டூன் திரையில் இவர் பெயர் கிடையாது. முயலைத் தெரியும், வாத்தைத் தெரியும், பேசியவரை யாருக்கும் தெரியாது.

ஸ்டூடியோ முதலாளி லியோன் ஷ்லெசிங்கரிடம் போய் சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டார். முதலாளி மறுத்தார். அப்படியானால் திரையில் என் பெயரையாவது போடுங்கள் என்றார் பிளாங்க். முதலாளிக்குப் பைசா செலவில்லாத சமாச்சாரம். சரி என்றார். 1944 வாக்கில் ஒப்பந்தத்திலேயே அது ஏறிவிட்டது. 1988-ல் எழுதிய சுயசரிதையில் இதை பிளாங்க்கே சொல்லியிருக்கிறார்.

சம்பளத்தைவிட அந்தப் பெயர்தான் பெரிய லாபமாக முடிந்தது. பெயரைப் பார்த்து ரேடியோ வாய்ப்புகள் தேடி வந்தன. 1946-ல் 'மெல் பிளாங்க் ஷோ' என்று சொந்தப் பெயரிலேயே சிபிஎஸ் ரேடியோவில் ஒரு தொடர் வந்தது.

ஆனால் இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. அவர் பெயர் வந்ததே தவிர, கூடப் பேசிய மற்றவர்கள் பெயர் வரவில்லை. பக்ஸ் பன்னியைத் துப்பாக்கியோடு துரத்துவாரே எல்மர் பட், அவருக்குப் பேசியவர் ஆர்தர் கியூ பிரையன். ட்வீட்டியை வளர்க்கும் பாட்டிக்குப் பேசியவர் ஜூன் போரே. வருஷக்கணக்கில் திரையில் மெல் பிளாங்க் பெயர் மட்டும்தான். அதனால் எல்லாக் குரலும் இவரே என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள்.

பறிபோன சிரிப்பு

பள்ளிக்கூட வராந்தாவில் சிரித்துப் பழகினார் அல்லவா? அந்தச் சிரிப்புதான் 1940-ல் வேறொரு கம்பெனியின் மரங்கொத்தி கார்ட்டூனில் வந்தது. உட்டி வுட்பெக்கர் என்று பெயர். சில படங்களோடு அங்கிருந்து விலகினார். கார்ட்டூனில் இனி எங்களுக்கு மட்டும்தான் பேச வேண்டும் என்று வார்னர் தரப்பில் ஒப்பந்தம் போட்டதே காரணம்.

ஆள் விலகினாலும் பதிவான சிரிப்பு விலகவில்லை. மரங்கொத்தி படங்களில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 1948-ல் அந்த மரங்கொத்தி பேரில் வந்த பாட்டு சக்கைப் போடு போட்டது. என் சிரிப்பில் மற்றவன் சம்பாதிப்பதா என்று தயாரிப்பாளர் வால்டர் லேன்ட்ஸ் மேல் பிளாங்க் வழக்குப் போட்டார்.

1949-ல் கலிபோர்னியா நீதிமன்றத்தில் தோற்றார். அந்தச் சிரிப்புக்கு அவர் உரிமை எதுவும் பதிந்து வைக்கவில்லை. மேல்முறையீடு என்று கிளம்பியதும், கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

தொண்டை என்னுடையது, சத்தம் யாருடையது? இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. கம்ப்யூட்டர் இப்போது ஒருவர் குரலை அப்படியே காப்பியடிக்கிறது. இதிலிருந்து பாதுகாப்புக் கேட்டு, வீடியோ கேம்களுக்குப் பேசும் அமெரிக்கக் கலைஞர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2025-ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது முடிந்தது.

முயலைக் கூப்பிட்டார் டாக்டர்

1960-ல் 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற கற்கால குடும்ப கார்ட்டூன் டிவியில் வந்தது. அதில் பக்கத்து வீட்டுக்காரர் பார்னி ரபிளுக்கு இவர் குரல். நல்லா போய்க்கொண்டிருந்த நேரத்தில் விழுந்தது இடி.

1961 ஜனவரி 24. லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் சாலையில் 'மரண வளைவு' என்றே பெயர் வாங்கிய ஒரு திருப்பம். இவர் காரும் எதிரே வந்த காரும் நேருக்கு நேர் மோதின. கால், இடுப்பு எலும்புகள் நொறுங்கின. தலையில் பலத்த அடி. நினைவு போய்விட்டது. ஹவாய் தீவில் ஒரு பத்திரிகை செத்துப்போய்விட்டார் என்றே போட்டுவிட்டது.

ஏறக்குறைய இரண்டு வாரம். மனைவி, மகன் கூப்பிட்டும் அசைவில்லை. ஒரு நாள் மூளை டாக்டருக்கு என்ன தோன்றியதோ, பிளாங்க்கைக் கூப்பிடாமல் முயலைக் கூப்பிட்டார். 'பக்ஸ் பன்னி, இன்னைக்கு எப்படி இருக்கே?' என்று கேட்டார். படுக்கையிலிருந்து பக்ஸ் பன்னி குரலிலேயே பதில் வந்தது!

பிழைத்துக்கொண்டார். அவர் படுத்திருந்த சில வாரங்கள் டாஸ் பட்லர் என்ற இன்னொரு குரல் கலைஞர் பார்னிக்குப் பேசினார். மார்ச் மாதம் வீடு திரும்பிய பிளாங்க், உடம்பு பூரா மாவுக்கட்டோடு படுத்தபடியே பேசினார். மைக்கைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டு, மற்ற நடிகர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசி, தொடர் ஓடியது.

அந்த வளைவில் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் மட்டும் 26 விபத்துகள். 5 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு நகர நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார் பிளாங்க். அதன் பிறகுதான் காசு ஒதுக்கி வளைவைச் சரி செய்தார்கள்.

கல்லறையிலும் பன்றி வசனம்

சிறுவயதில் பிடித்த சிகரெட்டை 77 வயது வரை விடவில்லை. நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகுதான் விட்டார். 1988-ல் வந்த 'ஹூ பிரேம்ட் ரோஜர் ராபிட்' சினிமாவில் பக்ஸ் பன்னிக்கும் டாபிக்கும் பேசினார். தொண்டை கிழியக் கத்தும் யோசெமிட்டி சாம் வேஷத்துக்கு மட்டும் முடியவில்லை. வேறொருவர் பேசினார்.

1989 ஜூலை 10-ல் லாஸ் ஏஞ்சல்சில் இறந்தார். வயது 81. அவர் பார்த்த வேலையை மகன் நோயலும் கற்றுக்கொண்டிருந்தார்.

ஹாலிவுட்டில் உள்ள அவர் கல்லறையில், படம் முடியும்போது போர்க்கி பன்றி சொல்லும் வசனத்தைப் பொறித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் மக்களே என்று அர்த்தம். அதோடு 'ஆயிரம் குரல் மனிதர்' என்ற பட்டமும் இருக்கிறது. பெயரும் இருக்கிறது, 'சி' எழுத்தில் முடிகிற பெயர். வெறும் ஆளாகத்தான் போவாய் என்ற அந்த வாத்தியாரின் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.