மெஷின் மூச்சு விடும்போது நம்ம தசை என்ன செய்யுது?

2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடிச்சப்போ, காப்பாத்த ஓடின ஊர்க்காரங்களும் உயிரிழந்தாங்க. இந்த மாதிரி விபத்தில் தோலில் பட்ட தீக்காயம் கண்ணுக்குத் தெரியும். சூடான புகை உள்ளே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கினது தெரியாது. தொண்டை வீங்கி அடைக்கும். அப்போதான் வென்டிலேட்டர்.

"மெஷின்ல போட்டாச்சு, இனி அது பார்த்துக்கும்"னு நானும் நினைச்சிருக்கேன். ஆனா நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம்தான் நம்ம முக்கியமான மூச்சுத் தசை. அதுக்கு வேலையே இல்லைன்னா மெலிஞ்சுடும், மாவுக்கட்டு பிரிச்ச கை மாதிரி. 2008-ல் வெளியான ஒரு ஆய்வில், முழுக்க மெஷினே மூச்சு கொடுத்த 18 முதல் 69 மணி நேரத்துக்குள் அந்தத் தசை நார்கள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன.

அதனால குழாய் இருக்கும்போதே பயிற்சி ஆரம்பிக்கணும். உடல்நிலை இடம் கொடுத்தா மயக்க மருந்தைக் குறைப்பாங்க, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பாங்க, சளியை உறிஞ்சி எடுப்பாங்க. அப்புறம் மெஷின் உதவியைக் குறைச்சு, 30 நிமிஷம் முதல் 2 மணி நேரம் வரை சொந்தமா மூச்சு விட முடியுதான்னு பார்ப்பாங்க. திணறினா மறுபடி மெஷின். அது தோல்வி இல்லை. நாளைக்கு இன்னொரு முயற்சி.

ஐசியூ வாசலில் நிற்கிற நாள் வந்தா, "எப்போ மெஷினை எடுப்பீங்க?"னு மட்டும் கேட்காதீங்க. "இன்னைக்கு சொந்தமா மூச்சு விட வெச்சுப் பார்த்தீங்களா? பிசியோதெரபி நடந்ததா?"ன்னும் கேளுங்க.