டிராக்டர் ஏறும் வண்டி

நம் ஊரில் டிரெய்லரை டிராக்டர் இழுக்கும். கரும்போ செங்கலோ வைக்கோலோ ஏற்றிய டிரெய்லர், டிராக்டரின் பின்னால் ஆடி ஆடி வரும். அமெரிக்கக் கிராமப்புறச் சாலைகளில் டிராக்டரே சரக்காகிவிடுகிறது. முன்னால் ஒரு பிக்கப் வண்டி போகும். அதன் பின்னால் வரும் டிரெய்லரின் மேல் ஆரஞ்சு, பச்சை, சிவப்பு என ஏதோ ஒரு நிறத்தில் சின்ன டிராக்டர் ஒன்று சங்கிலிகளால் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 20 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள இந்த ‘காம்பாக்ட்’ டிராக்டர்கள் முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அங்கே ஊர்ச்சாலைகளிலேயே 90 கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் பறக்கின்றன. டிராக்டரை வைத்திருப்பவர்களிலும் பெரும் பண்ணையார்கள் குறைவு. ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருப்பவர்கள், வார இறுதியில் மட்டும் நிலத்துக்குப் போகிறவர்கள், பக்கத்து ஊர்களில் புல்வெட்டியும் பாதை சமன்செய்தும் சம்பாதிப்பவர்கள்தான் அதிகம். குபோட்டா நிறுவனம் 1969இல் எல்200 என்ற சின்ன டிராக்டரை அங்கே விற்கத் தொடங்கியது. 1994இல் நம் மகிந்திராவும் அங்கே நிறுவனம் தொடங்கியது. இன்று இந்தச் சின்ன டிராக்டர்கள் இல்லாத கிராமப்புற மாவட்டம் அமெரிக்காவில் அரிது. வேலை ஓரிடத்தில், கொட்டகை ஓரிடத்தில், பழுதுபார்க்கும் டீலர் வேறோர் ஊரில் என்று இருப்பதால் டிரெய்லர் இல்லாமல் முடியாது.

ஆனால் டிராக்டர் வாங்குவதற்கு மாதக்கணக்கில் விலைப்பட்டியல்களைப் புரட்டுகிறவர், டிரெய்லரை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார். டிராக்டர், லோடர், புல்வெட்டி எல்லாம் வாங்கிய பிறகு கையில் மிஞ்சும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ, அது. இது பெரிய ஆபத்து. டிராக்டர் வயலுக்குள் கோளாறு செய்தால் ஒருநாள் வேலை கெடும். டிரெய்லர் கோளாறு செய்யும் இடம் நெடுஞ்சாலை. எதிரே குழந்தைகளோடு வருகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

முதல் தவறு எடைக் கணக்கில் நடக்கிறது. விளம்பரத் தாளில் இருப்பது வெறும் டிராக்டரின் எடை. ஏறக்குறைய 25 குதிரைத்திறன் கொண்ட குபோட்டா எல்2501 போன்ற ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். தாளில் 1,100 கிலோவையொட்டி ஓர் எண் இருக்கும். முன்னால் மாட்டும் லோடரும் பக்கெட்டும் சேர்ந்து 400 கிலோ அளவில் வரும். பின்னால் தொங்கும் ஐந்தடி சுழல் புல்வெட்டி 250 கிலோ. பின் டயர்களுக்குள் காற்று மட்டும் இருப்பதில்லை. லோடர் பாரம் தூக்கும்போது டிராக்டர் முன்னால் கவிழாமலிருக்க உள்ளே திரவம் நிரப்புகிறார்கள். தண்ணீர் குளிரில் உறைந்துவிடும் என்பதால் சர்க்கரை பீட்ரூட்டின் சாற்றை ஊற்றும் வழக்கமும் இருக்கிறது. அது உறையாது, ரிம்மை அரிக்காது. லிட்டருக்கு 1.3 கிலோ அளவுக்குக் கனமும் உண்டு. இரண்டு டயர்களில் 300 கிலோ சுலபமாகச் சேர்ந்துவிடும். சங்கிலி, டீசல், கருவிப்பெட்டி என்று இன்னொரு 100 கிலோ. ஆக 1,100 என்று நினைத்தது 2,150 ஆகிவிட்டது. பின்னால் பள்ளம் தோண்டும் பேக்ஹோவையும் மாட்டியிருந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

டிரெய்லர்ப் பக்கமும் இதே மயக்கம்தான். ‘ஏழாயிரம் பவுண்டு டிரெய்லர்’ என்றால் அது ஏழாயிரம் பவுண்டு பாரம் சுமக்கும் என்று பொருளல்ல. டிரெய்லரின் சொந்த எடையும் அதன் மேலுள்ள சரக்கும் சேர்ந்து அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். 7,000 பவுண்டு என்பது 3,175 கிலோ. அதில் டிரெய்லரே 900 முதல் 1,000 கிலோவைத் தின்றுவிடும். மிச்சம் 2,200 கிலோ. நம் டிராக்டருக்கு 2,150 வேண்டும். காகிதத்தில் சரியாக இருக்கிறது. சாலையில் இது விளிம்பு. நாளைக்கு இன்னொரு கருவி வாங்கினால் அதற்கு இடமில்லை. இந்த அளவு டிராக்டருக்கு 10,000 பவுண்டு வகை டிரெய்லர்தான் பொருத்தம் என்பது என் தீர்மானம். அதன் சொந்த எடை 1,250 கிலோ அளவில் இருந்தாலும் மூன்று டன்னுக்கு மேல் தாங்கும். அதன் ஆக்சில், டயர், சட்டம் எல்லாம் தங்கள் எல்லைக்குக் கீழேயே உழைக்கும்.

இன்னும் சின்ன டிராக்டர் வாங்குகிறவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே கடைகளில் ஒற்றை ஆக்சில் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். பல ஒற்றை ஆக்சில் டிரெய்லர்களின் தகட்டில் 2,990 பவுண்டு என்று பொறித்திருப்பார்கள். எதற்காக இந்த வினோத எண்? பல மாநிலங்களில் டிரெய்லரின் மொத்த எடை 3,000 பவுண்டைத் தொட்டால்தான் பிரேக் கட்டாயம். பத்துப் பவுண்டு குறைத்துவிட்டால் பிரேக் வைக்காமல் விற்கலாம், விலையும் இறங்கும். சில மாநிலங்கள் 1,500 பவுண்டிலேயே பிரேக் கேட்கின்றன; அவை செய்வதுதான் சரி. 2,990 பவுண்டு என்பது 1,356 கிலோ. டிரெய்லரின் எடை 450 போனால் மிச்சம் 900. ஜான் டீர் 1025ஆர் போன்ற மிகச் சின்ன டிராக்டரின் வெற்று எடை 650 கிலோ சொச்சம்தான் என்பதால் தாராளமாகப் போதும் என்று தோன்றும். லோடரையும் வயிற்றுக்கடியில் மாட்டும் புல்வெட்டியையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். பிரேக் இல்லாத வண்டியில், எல்லையை மீறிய பாரம். வேகம் இரண்டு மடங்கானால் அதை நிறுத்த விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை எந்தக் கடைக்காரரும் எழுதி மாட்டுவதில்லை. அந்த ஆற்றல் முழுவதும் பிக்கப்பின் பிரேக்குகள் மேல் விழும்.

ஆகவே டிரெய்லரில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். அங்கே பெரும்பாலும் மின்சார பிரேக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். ஓட்டுநர் மிதிக்கும்போது அதற்கு மின்சாரம் போய், டிரம்மில் ஒட்டி, பிரேக் பட்டைகளை விரிக்கும். எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை பிக்கப்பின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்யும். விலை குறைந்த இரட்டை ஆக்சில் டிரெய்லர்களில் ஓர் ஆக்சிலுக்கு மட்டும் பிரேக் வைத்து விற்பதுண்டு. இரண்டுக்கும் கேளுங்கள். கூடுதலாகச் செலவாகும், கொடுத்துவிடுங்கள். டிரெய்லர் கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்க ஒரு கம்பியும் சின்ன பேட்டரியும் இருக்கும். அப்படிப் பிடித்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும் என்று வணிக வண்டிகளுக்கான கூட்டாட்சி விதி சொல்கிறது. பல டிரெய்லர்களில் அந்த பேட்டரி செத்துக் கிடக்கிறது என்பது அந்தக் கம்பியை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். அங்கே யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

அடுத்தது பாரம் உட்காரும் இடம். மாட்டுவண்டி ஓட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே இயற்பியல்தான். வேகம் மட்டும் பல மடங்கு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அதன் மூக்கு வழியாக பிக்கப்பின் கொக்கி மேல் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் வால்போல இடவலமாக ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த நேரத்தில் பயந்து பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்க வேண்டும். பின்னாலிருந்து இழுபட்டால் அது நேராகிவிடும்.

இந்த 10 முதல் 15 சதவீதம்தான் பிக்கப்பையும் கணக்குக்குள் இழுக்கிறது. விளம்பரத்தில் ‘நான்கு டன் இழுக்கும்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்; ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். குடும்பங்கள் வாங்கும் சாதாரண பிக்கப்புகளில் அது 700 கிலோவை ஒட்டியே இருப்பது வழக்கம். நம் 10,000 பவுண்டு டிரெய்லர், டிராக்டரோடு சேர்ந்து 3,400 கிலோ. அதன் மூக்கு அழுத்தம் 340 முதல் 510 கிலோ. அதுவும் பிக்கப் சுமக்கும் சரக்குதான். நான்கு பேர் ஏறினால் 300 கிலோ. அழுத்தம் மேல் எல்லைக்கு வந்தால் கூட்டுத்தொகை 800ஐத் தாண்டுகிறது. இழுக்கும் திறன் மிச்சமிருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துவிடுகிறது. பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் தரையை லேசாகப் பிடிக்கும் பிக்கப்பில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. ‘பெரிதாக வாங்கிவிடுவோம், எதற்கும் உதவும்’ என்று 14,000 பவுண்டு டிரெய்லரைச் சாதாரண பிக்கப்பின் பின்னால் கட்டுவதும் இதனால்தான் தவறு. அந்த இரும்பின் சொந்த எடையே உங்கள் கணக்கைத் தின்றுவிடும். டிரெய்லருக்கு முன்பே பிக்கப்பின் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்டர், முன்னால் லோடர், பின்னால் புல்வெட்டி எல்லாம் சேர்ந்தால் 20 அடியை நெருங்கும். 16 அடித் தட்டில் அதை எப்படியோ ஏற்றிவிடலாம். ஆனால் நகர்த்த இடமிருக்காது. டிராக்டரை ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே நகர்த்தித்தான் மூக்கு அழுத்தத்தைச் சரிசெய்ய முடியும். அதற்காகவே நீளமான தட்டு வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் டயர் நிற்கும் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். தட்டு மரமா இரும்பா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: மரம். மழையில் நனைந்த இரும்புத் தகட்டில் சேற்று டயர் வழுக்கும்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியது பிக்கப்பின் பின்சக்கரம். டிராக்டர் சாய்வுப் பலகையில் காலெடுத்து வைத்ததும் டிரெய்லரின் வால் அமுங்கி மூக்கு எழும்பும். பிக்கப்பின் பின்பகுதியையும் அது கூடவே தூக்கும். பிக்கப்பின் கைபிரேக் பின்சக்கரங்களில்தான் வேலை செய்கிறது. அவை தரையை விட்டு லேசானால் வண்டி முழுவதும் சரிவில் உருளத் தொடங்கும். டிரெய்லரின் வாலுக்கடியில் முட்டுக்கட்டை வையுங்கள். பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் ஆப்பு வையுங்கள். சமதரையில் ஏற்றுங்கள். டிராக்டரில் உருள்பாதுகாப்புச் சட்டத்தை நிமிர்த்தி, சீட் பெல்ட்டை மாட்டி, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, பக்கெட்டைத் தரையோடு ஒட்டினாற்போல் வைத்து மெதுவாக ஏறுங்கள்.

ஏறியதும் பக்கெட்டையும் புல்வெட்டியையும் தட்டின்மேல் இறக்கிவிட வேண்டும். கைபிரேக் போட்டாயிற்று என்று நின்றுவிடக் கூடாது. வணிக வண்டிகளுக்கான விதிப்படி கட்டும் சங்கிலிகளின் கூட்டுத்திறன் சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும். சொந்த வண்டிக்கும் அதையே குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். அதற்கு மேல் வைப்பதே என் விருப்பம். பொன்னிறப் பூச்சோடு வரும் 70ஆம் தரச் சங்கிலி, கால் அங்குலத்துக்குச் சற்று மேலான 5/16 அளவிலேயே இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். நான்கு மூலைக்கு நான்கு. முன்சங்கிலிகள் முன்னோக்கியும் பின்சங்கிலிகள் பின்னோக்கியும் இழுக்க வேண்டும். டிராக்டரின் சட்டத்திலோ பின் ஆக்சில் கூட்டிலோ மாட்டுங்கள், லோடர் கைகளிலோ ஸ்டியரிங் தண்டிலோ வேண்டாம். இறுக்குவதற்கு நெம்புகோல் வகையைவிட ராட்செட் வகை நல்லது. நெம்புகோல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடித்து ஊனமானவர்கள் உண்டு. புல்வெட்டிக்குத் தனியாக ஒரு கட்டு.

பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் டயரின் பட்டையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். டிரெய்லர் டயர் தேய்வதற்குள் வெயிலில் கிடந்தே வெடித்துப் போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2318 என்றிருந்தால் அது 2018இன் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டை புதிதுபோல இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கூடவே சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி பேரிங் சத்தம் கேளுங்கள். கிரீஸ் காய்ந்த பேரிங் கரகரக்கும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே டிராக்டரை ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இருக்கும் எடைமேடைக்குப் போய்வாருங்கள். பிக்கப்பின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனியாக எடை அச்சிட்டுத் தருவார்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ஏறினால் மூக்கு அழுத்தமும் கணக்கில் கிடைத்துவிடும். அதன் பிறகு எந்தப் பயணத்திலும் முதல் 50 மைலுக்குள் ஒருமுறை நிறுத்தி, சங்கிலிகளைக் கையால் அசைத்துப் பார்த்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமூடியையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த பேரிங்கோ பிரேக்கோ இறுகிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.