செரண்டிபிட்டஸ்: ஒரு சொல்லின் கதை

ஆங்கிலத்தில் சில சொற்களை உச்சரிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'செரண்டிபிட்டஸ்' அப்படிப்பட்ட ஒரு பெயரடை. தேடாத நற்பொருள் எதிர்பாராமல் கிடைத்தால், அந்நிகழ்ச்சியை இச்சொல்லால் குறிப்பர். "அதிர்ஷ்டம் என்றாலே போதாதா?" என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். போதாது என்கிறது இச்சொல்லின் வரலாறு.

சொல் பிறந்தது இங்கிலாந்தில். வேர் இருப்பதோ நம் அண்டை நாட்டில்! முற்காலத்தில் அரேபியரும் பாரசீகரும் இலங்கையைச் 'சரந்தீப்' என்றழைத்தனர். 'சிங்களத் தீவு' எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு அது. 'செரண்டிப் நாட்டு இளவரசர் மூவர்' என்ற கதை 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சாயிற்று. வழியில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்ததைக் கொண்டே, அங்கு சென்ற ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு என்று காணாமலே கூறினர் அவ்விளவரசர்கள். நம் தமிழ் 'அலகேச கதை'யிலும் நான்கு மந்திரிகள் இவ்வாறே ஒட்டகத்தின் அடையாளம் கூறுகின்றனர்.

இக்கதையை நினைவில் வைத்தே ஹோரஸ் வால்போல் என்பவர் 1754 ஜனவரி 28 அன்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 'செரண்டிபிட்டி' என்ற பெயர்ச்சொல்லை உருவாக்கினார். தற்செயலோடு கூர்மதியும் சேர வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். பெயரடை வடிவம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாத ஐயர், புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் படித்த நூல்களை ஐயர் அடுக்கிக்கொண்டே போக, "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்று கேட்டார் முதலியார். ஐயர் படித்ததில்லை. அவர் கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் அந்நூலைப் பெற்றுப் படித்தார், புரியாத இடங்களைச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார், 1887-இல் அச்சிட்டார். பின்னர் பல சங்க நூல்களும் அவரால் அச்சேறின. மெரினாவில் மாநிலக் கல்லூரி வளாகத்திலுள்ள அவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் இச்சொல் எங்கள் நினைவுக்கு வருகிறது.

தோழியரே, படித்த கேள்வியே பரீட்சையில் வந்தால் "அதிர்ஷ்டம்" என்கிறோம். படித்திருந்தோம் அல்லவா! கேள்வி வந்தது தற்செயல். படித்தது நம் முயற்சி. எதிர்பாராத நேரத்தில் இறைவன் தரும் வாய்ப்பைக் கண்டுகொள்ள, விழித்த கண்ணும் பணிந்த மனமும் வேண்டும். அவற்றை நாம் இன்றே பழகிக்கொள்வோம்.