நியாயவிலைப் பையில் இல்லாத காய்கறி

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தில், நான்கு பேர் கொண்ட ஏழைக் குடும்பமொன்று நியாயவிலைக் கடைக்குச் செல்வதாகக் கொள்வோம். திரும்பும்போது பையில் விலையில்லா அரிசி 20 கிலோ இருக்கும். சர்க்கரை, 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில் ஆகியனவும் இருக்கும். ஒரு கீரைக்கட்டோ வாழைப்பழமோ இராது.

இதற்குக் காரணம் கிடங்கு. அரிசியை மூட்டையாக அடுக்கிப் பல மாதங்கள் காக்கலாம்; கீரையோ காலையில் பறித்தால் மாலைக்குள் வாடும். பஞ்சத்தையும் பசியையும் எதிர்கொள்ள வளர்ந்த பொது விநியோகமுறை, கெடாத தானியத்தையே நம்பியது இயல்பானது. பொங்கல் பரிசாக வழங்கப்படும் முழுக் கரும்பு ஒன்றே அக்கடையில் நாம் காணும் பசுமை எனலாம்!

நாள்தோறும் ஒருவர் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நால்வருக்கு மாதம் 48 கிலோ. கிலோ 40 ரூபாய் எனக் கணக்கிட்டாலும் 1,920 ரூபாய் ஆகிறது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் வீட்டில், கையிருப்பு குறைந்தால் முதலில் சுருங்குவது காய்க்கான செலவே. சோறு குறைந்தால் பசி உடனே தெரியும். காய் குறைந்தால் தெரியாது. ஆகவே இக்குறையை 'மறைபசி' என்கின்றனர்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. இதற்கு மாற்றாக இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசியை அரசு வழங்கத் தொடங்கியது. கெடாத பொருளுக்குள்ளேயே சத்தை ஏற்றும் வழி இது. ஆயினும் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் நன்கு ஈர்க்க வைட்டமின் சி துணைபுரிகிறது. நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றில் மிகுந்துள்ள அச்சத்து, சூடுபட்டால் பெரிதும் அழிந்துவிடும். சோறாகக் கொதிக்கும் அரிசியில் அதை ஏற்றிப் பயனில்லை.

காய்கறியை ஏழைகளிடம் சேர்க்க அரசு முயலாமலில்லை. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. 2013இல் கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமை நுகர்வோர் கடைகள் வந்தன. 2023 சூலையில் தக்காளி விலை நூறு ரூபாயைக் கடந்தபோது, சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கப்பட்டது. நியாயவிலைக் கடையாலும் காய்கறியைக் கையாள இயலும் என்பதை அந்நாள்கள் காட்டின. அமெரிக்கா வேறு வழியைக் கையாள்கிறது. கருவுற்ற தாய்மார், இளங்குழந்தைகளுக்கான அதன் உணவுதவித் திட்டத்தில், 2009 முதல் பழமும் காயும் வாங்குவதற்கென்றே தனிப் பணச்சீட்டு தரப்படுகிறது. பொருளைக் காக்கும் சுமை அங்கே கடைக்காரரைச் சேர்கிறது.

நம்மிடம் உள்ள உறுதியான வழி பள்ளிச் சமையற்கூடமே. ஒன்றிய அரசின் அளவுகோல்படி தொடக்கநிலை மாணவருக்கு 50 கிராமும், உயர்தொடக்கநிலை மாணவருக்கு 75 கிராமும் காய்கறி சேர்க்கப்பட வேண்டும். அன்று வாங்கி அன்றே சமைப்பதால் கிடங்கு வேண்டியதில்லை. ஆனால் தமிழகத்தில் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளரிளம் பருவத்தில், குறிப்பாகப் பெண்களுக்கு, இரும்புத் தேவை மிகுந்திருக்கும்போது, பதினொன்றாம் வகுப்பு மாணவர் வீட்டுச் சோற்றையே நம்பி நிற்கிறார்.

கம்மாபுரத்தைச் சூழ்ந்த விருத்தாசலம் வட்டாரம் முந்திரிக்குப் பெயர்பெற்றது. விருத்தாசலத்தில் முந்திரி ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. பங்குனி, சித்திரையில் கொட்டையைத் திருகி எடுத்தபின் பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுகின்றனர். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்ட அப்பழத்தைத் துண்டாக்கி, தொண்டைக் கரகரப்புக்கு அஞ்சி உப்புத் தொட்டு உண்பவர் சிலரே. பறித்த ஒரே நாளில் அது அழுகிவிடுவதால், சந்தைக்கும் போவதில்லை, நியாயவிலைக் கடைக்கும் வருவதில்லை.